வலிமானி திறப்பு விழா

1

வலி என்பது மனித குலத்தின் முதல் மொழி. எழுத்துக்கு முன்பு, பேச்சுக்கு முன்பு, நெருப்புக்கும் முன்பு, ஏதோ ஒரு குகையின் இருளில் ஒரு தாய் எழுப்பிய அந்த ஓசையிலிருந்தே நம் நாகரிகம் அனைத்தும்

மேலே உள்ள வாக்கியத்துக்குப் பயனிலை இல்லை. அதைத் தேடிக்கொண்டு ஏற்காடு ஏரிக்கரைக்குப் போனேன். பயனிலை கிடைக்கவில்லை, மிளகாய் பஜ்ஜி கிடைத்தது. இரண்டாவது பஜ்ஜியில் கண்ணில் தண்ணீர் வந்து "ஸ்ஸ்ஸ்" என்றேன். கடைக்காரர் அதை இன்னொரு பஜ்ஜி கேட்பதாக எடுத்துக்கொண்டு தட்டில் வைத்துவிட்டார். ஆக, வலி மொழி என்பதெல்லாம் பொய். இருந்தாலும் அந்த வாக்கியத்தை அடிக்கவில்லை. முதல் வாக்கியம் கம்பீரமாக இருந்தால் விருதுக் குழுவினர் அதற்கு மேல் படிப்பதில்லை என்று கேள்வி.

இந்தக் கதை பிறந்ததும் அந்தக் கடையில்தான். பக்கத்தில் நின்று வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர் லூர்துசெல்வி என்கிற நர்ஸ். எதிரே ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் தொங்கியது. கோட்டு போட்ட ஒரு டாக்டர், கையில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கருவி, தலைக்கு மேல் "வலியை வென்ற மலை!"

"அந்த மலை வலிய ஜெயிச்ச கதையக் கேக்கறீங்களா சார்?" என்றார் லூர்துசெல்வி.

கேட்டேன். கேட்டதில் பாதியை மாற்றியிருக்கிறேன். பேனரில் இருந்தவரின் பெயர் டாக்டர் கமலக்கண்ணன். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் ஒரு பேனர் வைப்பார்.

2

எப்படி ஆரம்பிப்பது? முதல் முயற்சி:

"சேர்வராயன் மலைமீது மூடுபனி மெல்லக் கவிழ்ந்தது. அது அருக்காணியின் மனதைப் போலவே—"

வேண்டாம். ஏற்காட்டைப் பற்றி எழுதுகிற எல்லோரும் பனியில்தான் ஆரம்பிக்கிறார்கள். அருக்காணிக்குப் பனி என்றால் துணி காயாது. அதற்கு மேல் அவளுக்கு அதில் அபிப்பிராயம் எதுவும் இல்லை.

இரண்டாம் முயற்சி:

"அருக்காணி வலியால் துடித்தாள்."

சுருக்கம், வேகம், எல்லாம் இருக்கிறது. ஆனால் இதை அருக்காணியே ஒத்துக்கொள்ள மாட்டாள். கடைசிப் பிள்ளையைப் பெற்றதிலிருந்து தனக்கு வலி என்ற ஒன்றே வந்ததில்லை என்று மாரியாத்தா மேல் சத்தியம் செய்வாள். அந்தச் சத்தியத்தில் பொய்யும் இல்லை. அதுதான் இந்தக் கதையின் கோளாறு.

வெள்ளக்கடைப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள் அருக்காணி. ஐம்பதைத் தொடப்போகிற வயது. பாட்டன் காலத்தில் கீழே இருந்து மலையேறி வந்த குடும்பம். சில வருஷங்களாக அவளுடைய அடிவயிற்றில் ஏதோ ஒன்று குடிவந்து, மாதத்தில் பாதி நாள் முறுக்கிப் பிழிந்தது. பிழிகிற நேரத்தில் செடிக்கு அடியில் குந்திக்கொண்டு, கொட்டிப்போன பழத்தைப் பொறுக்குகிற மாதிரி பாவனை செய்வாள். பாவனைக்காக நிஜமாகவே பொறுக்கவும் செய்வாள். மேஸ்திரி பூரித்துப்போவார். "பாத்துக்கோங்க எல்லாரும்! அருக்காணி ஒத்தப் பழம் தரைல உடறதில்ல!"

கடைசியில் அவள் புருஷன் காளியப்பன் அவளை டூவீலரில் ஏற்றி டாக்டர் கமலக்கண்ணனிடம் கொண்டுவந்தான்.

"வலி இருக்காம்மா?" என்றார் டாக்டர்.

"இல்லீங்க சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. வலி?"

அருக்காணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "போங்க சார். இந்த வயசுல எனக்கு எப்பிடிங்க வலி வரும்?"

விஷயம் இதுதான். அருக்காணி வீட்டுப் பேச்சில் கால் பிசகினால் நோவு. பல் சொத்தையானால் நோவு. வயிற்றைப் பிழிந்தால் நொம்ப நோவு. வலி என்பது ஒன்றே ஒன்று: பிள்ளை வெளியே வருகிறபோது வருமே, அது. பக்கத்து அறையில் பிரசவம் நடக்கிற ஆஸ்பத்திரியில் உட்காரவைத்து ஒரு ஆம்பிளை டாக்டர் "வலி இருக்கா" என்று கேட்டால், பேரன் எடுத்தவள் வேறென்ன நினைப்பாள்?

டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். மறுபடி வந்தாள், மறுபடி இரும்பு. அதற்கடுத்த முறை ஸ்கேன் எடுத்தால், கர்ப்பப்பையில் கொய்யாக்காய் அளவுக்குக் கட்டி. கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும்.

"இவ்வளவு பெரிய கட்டி, வலியே இல்லையா!" என்று டாக்டர் வியந்தார். சாதாரண டாக்டராக இருந்தால் வியப்பு வியப்போடு நின்றிருக்கும். கமலக்கண்ணனிடம் அது கோட்பாடாக வளர்ந்தது.

(அடிக்குறிப்பு போல ஒன்று: கோட்பாட்டின் பெயர் "மலைமகளின் வலியின்மை". சுத்தமான காற்று, உயரம், களி ஆகியவற்றால் மலையில் வாழும் பெண்களுக்கு வலி உறைப்பதில்லை. ஆகவே வலி மருந்தும் அதிகம் தேவையில்லை. ஆதாரம்: கேட்ட பெண்கள் எல்லோரும் "வலி இல்லீங்க" என்றார்கள். மாநாடுகளில் காட்டுவதற்குப் படங்களும் இருந்தன. பாதிப் படங்களில் மலை. மீதிப் படங்களில் மலைக்கு முன்னால் டாக்டர்.)

(இன்னொன்று: கவனித்தீர்களா, டாக்டர் "வியந்தார்", அருக்காணி "சிரித்தாள்". நான் யோசித்துச் செய்ததில்லை, கை தானாகச் செய்தது. சரிசெய்யப் பார்த்தேன். "அருக்காணி அவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்." யாரோ பொன்னாடை போர்த்த வருகிற மாதிரி இருக்கிறது. மாற்றி, டாக்டரை "வியந்தான்" ஆக்கிப் பார்த்தேன். நாளைக்கு எனக்கே உடம்புக்கு ஏதாவது வந்தால்? விட்டுவிட்டேன்.)

3

கோட்பாட்டை நிரூபிக்கக் கருவி ஒன்று வந்து இறங்கியது.

மயக்கத்தில் கிடக்கிறவரால் வலிக்கிறது என்று சொல்ல முடியாது. உடம்பு சொல்லும். நாடி துள்ளும், விரல் வியர்க்கும். விரலில் ஒரு கிளிப்பை மாட்டிவிட்டால் கருவி அதையெல்லாம் கூட்டிக் கழித்து, நூற்றுக்குள் ஓர் எண்ணாகக் காட்டும். இருபத்தைந்துக்குள் நின்றால் கொடுத்த மருந்து போதும். ஏறினால் கூட்ட வேண்டும், அடியிலேயே கிடந்தால் குறைக்கலாம். நல்ல கருவி. இந்தக் கதையில் மிகைப்படுத்தாத ஒரே பாத்திரம் அதுதான். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

டாக்டர் அதற்கு "வலிமானி" என்று தமிழில் பெயர் சூட்டினார். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டார். பெயரைப் பெரிய ஸ்டிக்கராக அடித்துத் திரைமேலேயே ஒட்டினார். எண் தெரியவில்லை என்று மயக்க மருந்து டாக்டர் சிவசக்தி அதை உரித்துப் பக்கவாட்டில் ஒட்டவேண்டியதாயிற்று. சின்ன வயசுப் பெண், படித்தது சென்னையில், மலைக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. ரிப்பன் வெட்டும் விழா அருக்காணி படுத்திருந்த வார்டிலேயே நடந்தது, ஏனென்றால் முதல் உபயோகம் அவளுக்கு.

எல்லோரும் கைதட்டிக் கலைந்த பிறகு, காளியப்பன் கிட்டே போய் ஸ்டிக்கரை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"வலி...மானி. வலி பாக்கற மிசினாமா புள்ள."

"ஆருக்கு?"

"உனக்குத்தான். வெரல்ல மாட்டுவாங்களாமா."

அருக்காணி எழுந்து உட்கார்ந்தாள். "ஏனுங்க, கட்டின்னுதானுங்களே சொன்னாங்க?"

"கட்டின்னுதான் சொன்னாங்க."

"கட்டிக்கு என்னத்துக்குங்க வலி பாக்கோணும்?"

காளியப்பன் யோசித்தான். அவன் யோசிப்பது எப்போதுமே ஆபத்து. "ஒருவேள... ஸ்கேன்ல அவீங்க எதாச்சும் மாத்திக் கீத்திப் பாத்து..."

"வாயில போட்டன்னா பாத்துக்கோங்க! பேரனுக்குக் காது குத்தற வயசுல!"

"நானா சொல்றேன்? மிசினு சொல்லுது."

வராந்தாவுக்குப் போய் வீட்டுக்கு ஃபோன் போட்டு, "ஒண்ணும் புரியல, வலி பாக்கப் போறாங்களாமா" என்று வேறு சொல்லிவிட்டான். அன்று சாயங்காலமே வெள்ளக்கடையில் இரண்டு வீட்டில் அருக்காணிக்காகச் சுக்கும் கருப்பட்டியும் இடித்துப் பிரசவ உருண்டை பிடித்தார்கள் என்று லூர்துசெல்வி சொல்கிறார். இதை நான் மாற்றவில்லை.

அருக்காணி ஒயர் கூடையில் துணியைத் திணித்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். வாசலில் சிவசக்தி எதிரே வந்தார்.

"எங்கம்மா கெளம்பிட்டீங்க? நாளைக்கு ஆபரேஷன்."

"நா ஊட்டுக்குப் போறனுங் கண்ணு. நோவுல செத்துட்டிருக்கறவளுக்கு வலி பாக்கற மிசினு எதுக்குங்க?"

சிவசக்தி வழியை விடாமல் நின்றார். "இருங்க. வலி இல்லைன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களே?"

"வலி இல்லீங்க. நோவுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"அதெப்பிடிங்க ஒண்ணாகும்? நீங்க புள்ள பெத்திருக்கீங்களா?"

"இன்னும் கல்யாணமே ஆகலம்மா."

"அதான் தெரியல."

சிவசக்தி அவளைத் திரும்பக் கட்டிலுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தார். "சரி. நோவு எவ்வளவு இருக்கும்?"

"அளவுங்களா? உக்காந்தா எந்திரிக்க முடியாதுங்க. ஒரு நாளு செடியக் கடிச்சுட்டனுங்க."

"காப்பிச் செடியவா?"

"கெளையங்க. மேஸ்திரிகிட்டச் சொல்லிப்போடாதீங்."

இந்த இடத்தில் சிவசக்தியின் கண்கள் கலங்கியதாக எழுதியிருந்தேன். இல்லை, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, வலிமானிக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை, அது நோவு பார்க்கிற மிஷின்தான் என்று விளக்கினார்.

அருக்காணி கேட்டுக்கொண்டாள். பிறகு, குரலைத் தாழ்த்தி, அவளுடைய நிஜமான பயத்தைச் சொன்னாள். "முழிச்சிருக்கயிலயே எனக்குச் சொல்லத் தெரியலீங்களே கண்ணு. மயக்கத்துல நோவுனா எப்பிடிங்க சொல்றது?"

"உங்க விரல் சொல்லும்."

"வெரலு பேசறது டாக்டருக்குப் புரியுமுங்களா?"

சிவசக்தி நேராகக் கமலக்கண்ணனிடம் போனார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நோவு என்பது மனம் சார்ந்தது, டாக்டர். வலி என்பதுதான் உடல் சார்ந்தது" என்றார். அதை அவர் அந்த நிமிஷத்தில்தான் கண்டுபிடித்தார் என்றாலும், வெகுகாலமாக நம்பி வந்தவர் போலச் சொன்னார். "வலி மருந்து பாதி கொடுங்க, போதும். அவங்க மலைமகள்."

"எண் ஏறினா மீதியையும் குடுத்துடுவேன் சார்."

"ஏறாது."

4

இப்போது எனக்கு ஒரு தொழில் பிரச்சினை. கதையை அருக்காணியின் தோளை விட்டு விலகாமல் சொல்வது என்று ஆரம்பித்தேன். நடுவில் டாக்டர் அறைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்ததை நீங்கள் மன்னித்திருப்பீர்கள். ஆனால் இனி என்ன செய்ய? அவள் மயக்கத்தில் இருக்கிறாள். தலைக்குள் போய்ப் பார்த்தேன், ஆள் இல்லை.

"அந்த இருண்ட அறையில் காலமே உறைந்து நிற்க—"

(ஆபரேஷன் தியேட்டர் எப்படி இருண்டிருக்கும்? மேலே பெரிய லைட்டு போட்டிருக்கிறார்கள்.)

விழித்திருப்பது அவளுடைய வலது கை நடுவிரல் மட்டும்தான். ஆகவே, இந்தப் பகுதியை அது சொல்லட்டும்.

பதினைந்து. பதினாறு. பதினைந்து.

"பாத்தீங்களா!" என்றார் டாக்டர் கமலக்கண்ணன். "ஒரு சலனம் இல்லை. பாறை மாதிரி!"

"சார், இன்னும் கத்தியே வைக்கல."

வைத்தார்.

இருபத்தொன்பது. நாற்பத்து நான்கு. அறுபத்து மூன்று.

"மிஷின் கோளாறு" என்றார் டாக்டர். "நேத்துப் பூசின சந்தனம் உள்ள போயிருக்கும். சிஸ்டர், கிளிப்பை அந்தக் கைக்கு மாத்துங்க."

லூர்துசெல்வி மாற்றினார். இடது கைக்குக் கோபம் இன்னும் அதிகம்.

அறுபத்தெட்டு.

சிவசக்தி யாரிடமும் கேட்கவில்லை. மருந்தை ஏற்றினார். மருந்து வேலை செய்கிற இடைவெளியில், வழக்கமாக நான் கதாநாயகியின் இளமைக்காலத்தை ஒரு பத்தி எழுதுவேன். எழுதியும் வைத்திருந்தேன்: ஆட்டுக்குட்டி, ஓடை, முதல் கொலுசு. அவளுக்கு வேண்டியது மருந்து, கொலுசை எடுத்துவிட்டேன்.

நாற்பது. இருபத்தெட்டு. பத்தொன்பது.

பத்தொன்பதிலேயே நின்றது. டாக்டர் வேலையைத் தொடர்ந்தார். நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், அவர் கை சுத்தமான கை. கட்டியோடு கர்ப்பப்பையை அழகாக எடுத்தார். பழுதெல்லாம் காதில்தான். தையல் போடுகிறபோது திடீரென்று அவர் முகம் மலர்ந்தது.

"சிஸ்டர், இவங்களுக்குப் பூர்வீகம் எது?"

"பாட்டன் காலத்துல கீழ இருந்து வந்தவங்களாமா சார்."

"அதானே பார்த்தேன்! மலைக்காரங்களே இல்லை!" கோட்பாடு உயிர் பிழைத்தது. தப்பு ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

5

இனி முடிவு. என்னிடம் இரண்டு தயாராக இருந்தன.

முடிவு ஒன்று: மறுநாள் காலை அருக்காணி கண்களில் தீப்பொறி பறக்க, "ஐயா! என் வேதனை உங்கள் எண்ணில் இல்லை, என் சொல்லில் இருக்கிறது!" என்கிறாள்.

லூர்துசெல்வியிடம் படித்துக் காட்டினேன். "அந்தக்கா இப்பிடிப் பேசியிருந்தா, மயக்கம் மண்டைக்கு ஏறிருச்சுன்னு சேலத்துக்கு அனுப்பியிருப்போம் சார்" என்றார்.

முடிவு இரண்டு: டாக்டர் மனம் திருந்திக் கண்ணீர் விடுகிறார். இது நடக்க வழியே இல்லை. பேனர் அச்சுக்குப் போய்விட்டது.

ஆகவே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை அருக்காணி கண்விழித்துக் கிடந்தாள். ராத்திரி கொடுத்த மருந்து வடிந்துகொண்டிருந்தது. தையல் போட்ட இடம் நெருப்பாக எரிந்தது. "வலி இருந்தால் மட்டும் ஊசி" என்பது டாக்டரின் உத்தரவு. இருக்கிறதா என்று அவரே வந்து கேட்பார். பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. வயிற்றைத் திறந்து மூடியவர்களுக்கு அந்த ஆஸ்பத்திரியில் ஒரு சட்டம்: குடல் திரும்ப வேலை செய்ய ஆரம்பித்ததற்கு அடையாளமாகக் காற்று பிரிய வேண்டும். பிரிந்தால் காப்பி. அதுவரை உதட்டில் ஈரப் பஞ்சு. வார்டே அந்த நற்செய்திக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

டாக்டர் கமலக்கண்ணன் வந்தார். கூடவே சேலத்திலிருந்து ஒரு பத்திரிகை நிருபர், கேமராவோடு. பின்னால் சிவசக்தி, லூர்துசெல்வி.

"என்னம்மா, வலி இருக்கா?"

"வலி இல்லீங்க" என்றாள் அருக்காணி. பழக்கம்.

டாக்டர் நிருபரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நிருபர் எழுதிக்கொண்டார். சிவசக்தி வாயைத் திறந்தார். அதற்குள் அருக்காணி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெரிய மனுஷர்கள் முன்னால் இதுவரை சொல்லாததைச் சொன்னாள்.

"நோவுதுங்க."

"என்னம்மா?"

"நோவுதுங்க சார். நொம்ப நோவுதுங்க. தாங்க முடியலீங்க."

நிருபரின் பேனா நின்றது. டாக்டர் சிரித்தார். "நோவு என்பது, தம்பி, இதைக் குறிச்சுக்கோங்க, மனம் சார்ந்தது. இப்போ வலிமானி என்ன சொல்லுதுன்னு நீங்களே..." என்று சொல்லிக்கொண்டே, கிளிப்பை அவள் விரலில் மாட்ட நன்றாகக் குனிந்தார்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

சின்னச் சத்தமில்லை. சந்தேகத்துக்கு இடமில்லாத சத்தம்.

லூர்துசெல்வி கையைத் தட்டினார். "அருக்காணிக்காவுக்குக் காத்து பிரிஞ்சிருச்சு! காப்பி குடுக்கலாம்!"

நிருபர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். டாக்டர் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். அருக்காணியின் முகமும் அவர் முகமும் ஒரு ஜாண் தூரத்தில் இருந்தன. அருக்காணி அவரையே பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "நாந்தானுங்க. தப்பா நெனச்சுக்காதீங்."

டாக்டர் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார். "சிஸ்டர், இவங்களுக்கு ஊசி போடுங்க. முழு அளவு."

"வலி இல்லைன்னாங்களே சார்?"

"நோவுதுன்னு சொல்றாங்கல்ல? காது கேக்கலையா?" என்றார் டாக்டர் கமலக்கண்ணன். "இனிமே எல்லாரையும் நோவுதான்னே கேளுங்க."

அவர் ஏன் மாறினார்? இதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். அறுபத்தெட்டு என்கிற எண் ராத்திரி முழுக்க அவரைத் தூங்கவிடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். நிருபரின் பேனாவுக்குப் பயந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பெண் தன் சொந்தச் சொல்லில் சொன்னபோது, அது கடைசியில் ஒருவர் காதில் விழுந்தது என்றும் வைத்துக்கொள்ளலாம். இலக்கிய மாநாட்டில் படிக்க இதுதான் தோது. மூன்றுமே கௌரவமான முடிவுகள். பிடித்ததை எடுத்துக்கொண்டு போங்கள்.

அருக்காணி ஊசி போட்டுக்கொண்டாள். வரக்காப்பி குடித்தாள், சர்க்கரை போதவில்லை என்றாள், தூங்கிப்போனாள். அவளுக்குக் காற்று பிரிந்தது அன்று சாயங்காலம். காலையில் பிரிந்தது டாக்டர் கமலக்கண்ணனுக்கு.